அக்கா பேரில் ஒரு வண்டி

கரண்ட் போயிடுச்சாம். பெட்ரோல் பங்க்ல கரண்ட் போனா பெட்ரோல் வராதுன்னு இந்த நாப்பத்தெட்டு வயசுல இப்பதான் எனக்கு உறைக்குது. முன்னால நாலு வண்டி நிக்குது, அதுல மூணு தமிழ்நாட்டு நம்பர், முள்ளோடையில பெட்ரோல் கொஞ்சம் மலிவுன்னு கடலூர்லேர்ந்து எல்லை தாண்டி வந்து ஞாயித்துக்கிழமை காலையில வரிசை கட்டுற கூட்டம், நானும் அந்தக் கூட்டந்தான், என் நம்பர் மட்டும் பாண்டிச்சேரி நம்பர். ஜெனரேட்டர் போட ஆள் போயிருக்கு, பத்து நிமிஷம் சார்னு நீலச் சட்டை போட்ட பொண்ணு ஜன்னல் ஜன்னலா வந்து சொல்லிட்டுப் போவுது. ஜெயசீலன் இங்க இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான். கம்பெனி ஸ்டோர்ஸ்ல அவன் எனக்குப் பக்கத்து மேஜை, போன வருஷம் கரண்ட் வண்டி வாங்குனதுலேர்ந்து வேற பேச்சே கிடையாது அவன்கிட்ட. பாருங்க தணிகை சார், உங்க பெட்ரோலுக்கே கரண்ட் வேண்டியிருக்கு, அதுக்கு நேரா கரண்ட்லயே ஓட்டிட்டுப் போயிடலாம்லன்னுவான். அவனுக்கென்ன, சொந்த வீடு, வாசல்லயே பிளக் பாயிண்ட். ராத்திரி சொருகிட்டுப் படுத்தா காலையில ஃபுல். எனக்கு மூணாவது மாடி, மேலேர்ந்து ஒயர் இழுக்கணும், கீழ்வீட்டுக்காரர் ஒத்துக்கணும். திருச்சிக்குப் போறப்ப நடுவுல நின்னுட்டா என்ன பண்றது, எட்டு வருஷம் கழிச்சு பேட்டரிய யாரு தலையில கட்டறதுன்னு நானும் ரெண்டு மாசமா யோசிச்சேன். பெட்ரோல் வண்டின்னா தெரிஞ்ச சனியன், எங்க நின்னாலும் ஒரு மெக்கானிக் இருப்பான். யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவுக்கு வராம சுத்திக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒருநாள் ஜெயசீலன் டீ குடிச்சுக்கிட்டே சொன்னான், இதுக்கு இப்போதைக்கு ரோடு வரி கிடையாது சார்னு. அன்னிக்கு சாயந்திரமே ஷோரூம்ல போய் உக்காந்துட்டேன். மத்த கேள்வியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

எவ்வளவுக்குப் போடறது? இந்த வாரம் இந்த வண்டிய எக்ஸ்சேஞ்சுல குடுக்கப்போறேன், குடுக்கற வண்டிக்கு எவனாவது டேங்க்க ரொப்புவானா? ரெண்டு லிட்டர் போதும். கிருமாம்பாக்கம் போய் அக்காகிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டு வீடு திரும்ப ரெண்டு லிட்டர் தாராளம். பக்கத்து சீட்டுல ஃபைல் இருக்கு, வண்டி பேர் மாத்தற படிவம் இருபத்தொன்பது, படிவம் முப்பது, அக்கா எங்கெங்க கையெழுத்துப் போடணுமோ அங்கெல்லாம் ஷோரூம் பையன் பென்சில்ல பெருக்கல் குறி போட்டுக் குடுத்திருக்கான். சட்டைப் பையில இன்னொரு தாள் இருக்கு. அதப்பத்தி இப்ப வேணாம். ஆர்சி புக்குல பேரு யாரு சார்னு அந்தப் பையன் கேட்டப்ப அஞ்சலாட்சின்னேன். வைஃபான்னான். இல்ல, அக்கான்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே புரிஞ்சுது சார்னான். எனக்குக் காது சுட்டுச்சு. கடலூர்ல பாதிப்பேருக்கு இது தெரியும், தமிழ்நாட்டுல ரோடு வரி ஜாஸ்தி, பாண்டியில கம்மி, பாண்டியில ஒரு அட்ரஸ் இருந்தா போதும். சிலபேரு புரோக்கருக்குக் காசு குடுத்து யாரோ ஒருத்தர் வீட்டு அட்ரஸ வாங்குவான். நான் அப்படி இல்ல, நான் யோக்கியன், என் கூடப்பொறந்தவள அங்கதான கட்டிக்குடுத்திருக்கு, அவ அட்ரஸு, அவ பேரு, எல்லாமே நெஜந்தானன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்னால அது. எனக்கு எதுக்குடா வண்டின்னு அக்கா சிரிச்சா. ரெண்டே ரெண்டு கையெழுத்துதான்க்கான்னேன். அவ வீட்டுக்காரர் போய் அப்ப மூணு வருஷம் ஆயிருந்துச்சு, கைம்பெண் பென்ஷன்ல ஓட்டிக்கிட்டு இருந்தா. போட்டா. படிச்சுக்கூடப் பாக்கல.

என்னா வெயிலு. ஏசி போட்டா பெட்ரோல் குடிக்கும், கண்ணாடிய இறக்கிட்டேன், எதிர் வரிசையில இருக்கிற ஒயின் ஷாப்லேர்ந்து பாட்டில் பெட்டி இறக்குற சத்தம் கேக்குது. இந்த இடத்துக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் எதையோ மிச்சம் பிடிக்கத்தான் வர்றான். அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். அதப் பாக்கக் கூடாதுன்னுதான் வந்ததுலேர்ந்து முன்னால நிக்கிற வண்டியோட பின்பக்கத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன். வண்டி எடுத்த அன்னிக்குக் கோயில் வாசல்ல பூசை. எலுமிச்சம்பழம் நாலு சக்கரத்துக்கும் என் வீட்டுக்காரி வளர்மதியோட அம்மா வச்சாங்க. சுமங்கலி வைக்கணும்னாங்க, சரின்னேன். வண்டி யாரு பேர்ல இருக்குன்னு அங்க ஒருத்தருக்கும் ஞாபகம் வரல, எனக்கு வந்துச்சு, நான் வாயத் தொறக்கல. அக்கா தேங்கா விக்கிறவன்கிட்டப் போய் ஒதுங்கி நின்னுக்கிட்டா, யாரும் போகச் சொல்லல, அவளாவே போய் நின்னா. கையில ஒரு முழம் சாமந்தி வச்சிருந்தா, வண்டிக்குன்னு வாங்கிட்டு வந்தது. அத வளர்மதி கையில குடுத்து, நீ கட்டும்மான்னா. கட்டுனோம். அப்புறம் மாமனார், மாமியார், நான், வளர்மதி, மடியில பையன், வண்டி ரொம்பிப் போச்சு. ராகுகாலத்துக்கு முன்னால வீடு போய்ச் சேரணும்க்கான்னேன். போடா போடா, பாத்துப் போன்னு கையாட்டுனா. அவ பஸ்ல போனா. வண்டி அவ பேர்ல, அவ பஸ்ல. அன்னிக்கு இது எனக்குத் தப்பாவே தெரியல. அதுக்கப்புறமாவது ஏத்திக்கிட்டுப் போனேனா? ஏழு வருஷமா ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி பெட்ரோல் போட வர்றேன். இங்கேர்ந்து கிருமாம்பாக்கம் எவ்வளவு தூரம், பத்து நிமிஷம் ஆவுமா? பொங்கலுக்கு ஒருவாட்டி, மாமா தெவசத்துக்கு ஒருவாட்டி, அதுவும் ரெண்டு வருஷமா இல்ல. பங்க் வரைக்கும் வருவேன், டேங்க்க ரொப்புவேன், யூ டர்ன் போடுவேன். லிட்டருக்கு மிச்சமாகுற காசு அக்கா வீடு வரைக்கும் போனா செலவாயிடும்ல, அப்படியும் ஒருநாள் கணக்குப் போட்டிருக்கேன் நான். எனக்குத் தெரியும், போட்டிருக்கேன்.

போன ஐப்பசியில நல்ல மழை. பெட்ரோல் போட்டுட்டு இதே பங்க் வாசல்ல திரும்பறேன், எதிர்ல பஸ் ஸ்டாப்புல அக்கா நிக்கறா. தலையில பிளாஸ்டிக் பை, கையில ஒயர் கூடை, புடவை முட்டி வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை இவ இங்க என்ன பண்றான்னு நெனச்சேன். வளர்மதி போன்ல எதையோ பாத்துக்கிட்டு இருந்தா, அவ பாக்கல. பின்னால பையன், அவனுக்குப் பதினோரு மணிக்கு டியூஷன் டெஸ்ட். மழைச் சாரல் உள்ள வருதேன்னு கண்ணாடிய ஏத்துனேன். சாரல்தான். அது நெஜமாவே சாரல்தான். அப்புறம் கடலூர்ப் பக்கம் திரும்பிட்டேன். அக்கா வண்டியப் பாத்தாளா, வண்டிக்குப் பின்னால வந்த பஸ்ஸப் பாத்தாளான்னு தெரியல. பஸ்ஸத்தான் பாத்திருப்பான்னு பத்து மாசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன், சில நாள் நம்பிடுவேன், சில நாள் ஸ்டோர்ஸ்ல ஸ்டாக் எழுதிக்கிட்டு இருக்கறப்ப திடீர்னு அந்த ஒயர் கூடை ஞாபகம் வரும், கை நின்னுடும். என்ன சார்னு ஜெயசீலன் கேப்பான். ஒண்ணுமில்லடான்னுடுவேன்.

நேத்திக்குத்தான் தெரிஞ்சுது அவ அங்க எதுக்கு நின்னான்னு. கையெழுத்து விஷயமா போன் பண்ணேன், அக்கா மக இலக்கியா எடுத்தா, காலேஜ் கடைசி வருஷம். அம்மா வேலைக்குப் போயிருக்காங்க மாமான்னா. என்ன வேலைன்னு கேக்கணும்னுகூட எனக்குத் தோணல பாருங்க, நேரா விஷயத்துக்கு வந்துட்டேன், வண்டிய மாத்தறேம்மா, நாளைக்கு வந்து அம்மாகிட்ட ரெண்டு கையெழுத்து வாங்கணும்னேன். அந்தப் பொண்ணு கேட்டா. "நெஜமாவே மாத்தறீங்களா மாமா? அப்ப அம்மாவுக்கு சிவப்பு கார்டு திரும்பக் கிடைச்சிடுமா?" எந்தக் கார்டுன்னேன். கேட்டிருக்கவே வேணாம்னு அப்புறம் தோணுச்சு, இவ்வளவு நாளா கேக்காம இருந்தேன்னும் தோணுச்சு. பாண்டியில ஏழைங்களுக்கு சிவப்பு ரேஷன் கார்டு, வசதி உள்ளவங்களுக்கு மஞ்சள். மூணு வருஷத்துக்கு முன்னால கணக்கெடுக்க வந்திருக்காங்க, அஞ்சலாட்சிங்கிற பேர்ல காரு இருக்குன்னு கம்ப்யூட்டர்ல காட்டியிருக்கு. நாலு சக்கர வண்டி வச்சிருக்கிற வீட்டுக்கு சிவப்பு கார்டு எதுக்கும்மான்னு மஞ்சளா மாத்திட்டாங்க. கார்டு போச்சு, அதோட பென்ஷனும் நின்னு போச்சு, எத்தனையோ மனு குடுத்தும் திரும்ப வரல. அதுலேர்ந்து அக்கா முள்ளோடையில ஒரு மெஸ்ஸுல காய் நறுக்கப் போறாளாம், விடிகாலை அஞ்சு மணிக்கு, ஞாயித்துக்கிழமையும் உண்டு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மாமா, அம்மா என்னக் கொன்னுடுவாங்கன்னா இலக்கியா. அது மாமா வண்டின்னு ஆபீஸ்ல சொல்ல வேண்டியதுதானன்னு கேட்டேன், ஏதோ அவங்க மேல தப்பு இருக்கிற மாதிரி குரல ஏத்திக் கேட்டேன். "நான் சொல்லப் போனேன் மாமா, அம்மா கையப் புடிச்சு அழுத்திட்டாங்க. ஆமா சார், என் வண்டிதான்னு அவங்களே சொல்லிட்டாங்க."

என் வண்டிதான். எந்த ஆபீஸர் நம்பியிருப்பான்? கிழிசல தைச்ச ஜாக்கெட்டு, காலுல ரப்பர் செருப்பு, கேட்டா கார் ஓனராம். அவன் சிரிச்சிருப்பான். சிரிச்சிருப்பானா? சிரிச்சா இவ என்ன பண்ணியிருப்பா, தரையப் பாத்துக்கிட்டு நின்னிருப்பா. இது தம்பி வண்டி, வரிக்காக என் பேர்ல வாங்கிட்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவளுக்கு அப்பவே தீந்து போயிருக்கும். எனக்குத் தீந்திருக்காது. பொய் அட்ரஸ் குடுத்ததுக்குக் கேள்வி, தமிழ்நாட்டுல இத்தன வருஷ வரி, அதுக்கு மேல அபராதம். அதத் தெரிஞ்சுதான் சொல்லல. ராத்திரி வளர்மதிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். முழுசாக் கேட்டா. அப்புறம், அவங்க நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லன்னா. அதையேதான் நானும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு இருந்தேன், அவ வாயிலேர்ந்து கேட்டதும் எனக்கே அசிங்கமா போச்சு. நாளைக்குப் போய்க் கையெழுத்து வாங்கிட்டு வாங்க, பேரு மாறிடும், தன்னால எல்லாம் சரியாயிடும், வேற எதையும் கிளறாதீங்க, புள்ள பிளஸ் டூ படிக்கறான்னா. தன்னால சரியாவுமா? பேரு மாறுனா கம்ப்யூட்டர்ல என்னா வரும், அஞ்சலாட்சி காரை வித்துட்டான்னு வரும். வித்த பணம் எங்கம்மான்னு கேப்பான். திரும்ப மனு, திரும்ப வரிசை, இன்னும் எத்தன வருஷமோ, அதுவரைக்கும் விடிகாலை அஞ்சு மணிக்கு வெங்காயம்.

அதுக்குத்தான் சட்டைப் பையில இந்தத் தாள். காலையில வளர்மதி எழுந்திருக்கறதுக்கு முன்னால பையன் நோட்டுலேர்ந்து கிழிச்சு ரேஷன் ஆபீஸுக்கு எழுதுனேன். மேற்படி வாகனம் என் சொந்தப் பணத்தில் வாங்கப்பட்டு நாளது தேதி வரை என்னால் மட்டுமே உபயோகிக்கப்பட்டு வருகிறது, என் தமக்கைக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. யாதொரு சம்பந்தமும்னு எழுதறப்ப பேனா நல்லாதான் ஓடுச்சு. பேரு எழுதுனேன், அட்ரஸ் எழுதுனேன், கதவு எண் முதற்கொண்டு. தேதி போட்டேன். கையெழுத்துப் போடற எடத்துல நின்னு போச்சு. போய்ப் பாத்துக்கலாம், அவ மூஞ்சியப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு மடிச்சு வச்சுக்கிட்டேன். அவ மூஞ்சியப் பாத்தா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியாதா? அவ சிரிப்பா, நான் சாப்பிடுவேன், பென்சில் குறி போட்ட எடத்துல எல்லாம் அவ கையெழுத்துப் போடுவா, நான் கெளம்பி வந்துடுவேன். அடுத்த வாரம் கரண்ட் வண்டி, என் பேர்ல, கடலூர் அட்ரஸ்ல, கச்சிதமா, ஒரு குத்தமும் சொல்ல முடியாது. வரி இல்லாத வண்டிங்கறதாலதான என் பேர்ல வாங்கறேன்? அதுக்கும் வரி இருந்திருந்தா இப்ப அக்காகிட்ட எதுக்குப் போயிட்டு இருந்திருப்பேன்? அந்தக் கேள்விய நேத்துலேர்ந்து தள்ளித் தள்ளி வச்சுக்கிட்டு இருக்கேன், அது போவ மாட்டேங்குது. செலவில்லாம யோக்கியன் ஆவறதுக்கு வழி கிடைச்சிருக்கு, அத விட மனசு வரல. இந்தத் தாளுல கையெழுத்துப் போட்டா செலவு. அவ்வளவுதான் விஷயம். வேற ஒரு மண்ணும் இல்ல.

ஜெனரேட்டர் போட்டுட்டான், பின்னாலேர்ந்து தடதடன்னு சத்தம், புகை வாசனை. வரிசை நகருது. முன்னால ரெண்டு வண்டி, ஒண்ணு. ரெண்டு லிட்டர்னு சொன்னா அந்தப் பொண்ணு ஒரு மாதிரி பாக்கும், பாத்தா பாக்கட்டும். போன் அடிக்குது. அக்கா பாண்டின்னு வருது. எடுக்கலன்னா? எடுத்தேன். எங்கடா இருக்கன்னா. பங்க்லக்கான்னேன். இன்னிக்கு எங்கயும் போவாம வீட்டுலயே இருக்கேன், சங்கரா மீன் வாங்கியிருக்கேன், கொழம்பு கொதிக்குதுன்னா. மெஸ்ஸுக்கு லீவு சொல்லிட்டேன்னு சொல்லல. அவளப் பொறுத்தவரைக்கும் மெஸ்ஸுன்னு ஒண்ணு எனக்குத் தெரியாது. அப்புறம் சொன்னா. "ஆதாரு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வச்சிட்டேன்டா. போட்டோதான் பழசு. புது வண்டிக்குப் பழைய போட்டோவ ஒத்துக்குவானா?"

திரும்பவும் குடுக்கத் தயாரா இருக்கா. கார்டு போயி, பென்ஷன் போயி, காய் நறுக்கி நறுக்கி விரல் எப்படி ஆயிருக்கோ, இன்னொரு வண்டிக்கும் ஜெராக்ஸ் எடுத்து வச்சிட்டா. இல்லக்கா, புதுசு என் பேர்லதான்னேன். உன் பேர்லயா, அப்ப வரி கட்டணும்லடா, தெண்டமான்னா. நான் யோசிக்காம சொல்லிட்டேன். "அதுக்கு வரி இல்லக்கா." கொழம்பு கொதிக்கற சத்தம் மட்டும் கேட்டுச்சு. சொன்னத எப்படித் திரும்ப வாங்கறது, வேற எதையாவது சொல்லலாமான்னு தேடறேன். "அப்படியா," அப்புறம், "அப்ப சரி"ன்னா. கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தாகூடப் பரவாயில்ல. புரிஞ்சுக்கிட்டுச் சொன்னா. ஏழு வருஷத்தையும் அந்த ரெண்டு வார்த்தையில மடிச்சு ஒரு ஓரமா வச்சிட்டா.

முன்னால இருந்த வண்டி போயிடுச்சு. பின்னால ஹாரன். போனக் காதுல வச்சுக்கிட்டே வண்டிய நகத்துனேன். வச்சிடறேன்க்கான்னு சொல்ல வாயெடுத்தேன். இருடா, இந்த வண்டிய எப்பக் குடுக்கறன்னு கேட்டா. இந்த வாரம்னேன்.

"குடுக்கறதுக்குள்ள ஒருவாட்டி நான் அதுல ஏறி உக்காந்துடறேன்டா. பஸ்ஸுக்கு நிக்கறப்ப நீ பெட்ரோல் போட்டுட்டுப் போறத எத்தனையோவாட்டிப் பாத்துட்டேன். நம்பரு மனப்பாடமாயிடுச்சு, உள்ள எப்படி இருக்கும்னுதான் தெரியல."

பஸ்ஸப் பாக்கல. வண்டியத்தான் பாத்திருக்கா. மழையில நான் கண்ணாடி ஏத்துனதையும் பாத்திருக்கா. நம்பரு எப்படி மனப்பாடம் ஆச்சுன்னும் எனக்குத் தெரியும், ஒவ்வொரு மனுவுலயும் எழுதி எழுதி. சரிக்கா வர்றேன்னேன். போன் பேசாதீங்க சார்னு அந்தப் பொண்ணு கதவத் தட்டுச்சு. வச்சிட்டேன். பக்கத்து சீட்டுல இருந்த ஃபைல எடுத்துப் பின்னால போட்டேன். பையன் தின்னுட்டுப் போட்ட சிப்ஸ் கவர், வளர்மதியோட குடை, பழைய பில்லுங்க, எல்லாத்தையும் வாரிப் பின்னால தள்ளி, முன் சீட்டக் கையாலயே துடைச்சேன். எவ்வளவுக்கு சார்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. உங்கிட்ட பேனா இருக்காம்மான்னேன். பில்லு எழுதற பேனாவ எடுத்து நீட்டுச்சு. சட்டைப் பையிலேர்ந்த தாள எடுத்து ஸ்டீரிங் மேல வச்சு விரிச்சேன், கையெழுத்து கொஞ்சம் கோணலா விழுந்துச்சு, அதுக்குக் கீழ போன் நம்பரும் எழுதுனேன். பின்னால ஒருத்தன் விடாம ஹாரன் அடிக்கறான். சார், எவ்வளவுக்குன்னு அது திரும்பவும் கேட்டுச்சு.

"ஃபுல்லா போடும்மா"ன்னேன். "எங்க அக்கா வர்றாங்க."